பதினேழாம் இடத்துக்காரர்கள் கோப்பை தூக்கிய ஊர்

பில்பாவோ விமான நிலையத்திலிருந்து வரும் பஸ், குன்றுகளைச் சுற்றி ஊருக்குள் இறங்கி, கடைசியில் நம்மைக் கால்பந்து மைதானத்தின் எதிரிலேயே விட்டுவிடுகிறது. பஸ் நிலையம் தரைக்கடியில் இருக்கிறது. மேலே ஏறி வந்தால் முதலில் கண்ணில் படுவது சான் மாமேஸ்தான். நான் போன நேரம் மழை. குடை விரிக்கவும் மனம் வராது, விரிக்காமல் நடந்தால் பத்து நிமிடத்தில் சட்டை ஒட்டிக்கொள்ளும், அப்படியொரு தூறல். ஊர்க்காரர்கள் அதற்குச் 'சிரிமிரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாரும் அதற்காக நடையை வேகப்படுத்துவதில்லை.

அது 2025 மே மாதம். ஐரோப்பா லீக் இறுதிப் போட்டி அந்த மாதம் 21-ஆம் தேதி இங்கே நடக்க இருந்தது. மைதானத்தை ஒட்டிய போசாஸ் தெருவில் மதுக்கடைக்கு மதுக்கடை இங்கிலீஷ் பாட்டு. ஒரு பக்கம் மான்செஸ்டர் யுனைடெட்டின் சிவப்பு, இன்னொரு பக்கம் டோட்டன்ஹாமின் வெள்ளை. ஆனால் தலையைத் தூக்கிப் பார்த்தால் மாடி பால்கனிகளில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட உள்ளூர்க் கொடி. கல்யாண வீட்டுக்காரர்களை வெளியே நிறுத்திவிட்டு வேறு யாரோ மேடையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

உண்மையில் நடந்ததும் அதுதான். உள்ளூர் அணியான அத்லெட்டிக் அந்தக் கோப்பையின் அரையிறுதி வரை வந்திருந்தது. இன்னும் ஒரு அணியைத் தாண்டினால் சொந்த மைதானத்தில் ஐரோப்பிய இறுதிப் போட்டி. மே 1-ஆம் தேதி யுனைடெட் இங்கே வந்தது. முதல் அரை மணி நேரம் அத்லெட்டிக்தான் ஆடியது. பிறகு பதினைந்து நிமிடத்துக்குள் மூன்று கோல், ஒரு சிவப்பு அட்டை. 0–3. ஒரு வாரம் கழித்து மான்செஸ்டரில் 1–4. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டு லீக் முடிந்தபோது அத்லெட்டிக் ஸ்பெயினில் நான்காம் இடம். அவர்களை வீழ்த்திய யுனைடெட் இங்கிலாந்தில் பதினைந்தாம் இடம். டோட்டன்ஹாம் பதினேழு. இன்னும் ஒரு படி சறுக்கியிருந்தால் இரண்டாம் பிரிவு.

இங்கிலாந்தின் தொலைக்காட்சிப் பணம் எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அங்கே பதினேழாம் இடத்தில் தள்ளாடுகிற அணிகூட மற்ற நாடுகளில் நான்காம் இடத்து அணியைவிட அதிகம் செலவழிக்க முடிகிறது. சரி, அந்தப் பணத்துக்கு எதிரே நிற்கிற இந்த அத்லெட்டிக் யார்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் வந்திருந்தேன். வந்த இடத்தில் அதைவிடச் சுவாரஸ்யமான ஒரு சின்ன ஊர் குறுக்கிட்டது. அந்த ஊரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அத்லெட்டிக் க்ளப் 1898-இல் பிறந்தது. பில்பாவோவின் மலைகளில் இரும்புத்தாது இருந்தது. அதை ஏற்றிப்போக இங்கிலாந்திலிருந்து கப்பல்கள் வந்தன, கப்பலோடு தொழிலாளிகள் வந்தார்கள், அவர்களோடு பந்து வந்தது. இன்னொரு பக்கம் இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய உள்ளூர்ப் பணக்கார வீட்டுப் பையன்கள். இரண்டும் சேர்ந்த கலவை இது. பில்பாவோ இருக்கும் பாஸ்க் பகுதியிலிருந்து மாட்ரிட்டுக்குப் படிக்கப் போன மாணவர்கள் 1903-இல் அங்கே ஒரு கிளை தொடங்கினார்கள். அதுதான் இன்றைய அத்லெடிகோ மாட்ரிட். 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது அத்லெடிகோ மாட்ரிட்டின் கூட்டில் கொல்கத்தாவில் ஓர் அணி வந்ததே, நினைவிருக்கிறதா? சால்ட் லேக்கில் ஓடிய அந்தச் சிவப்பு வெள்ளைக் கோட்டின் பூர்விகம் இந்த ஊர்தான்.

சுமார் 1912-இலிருந்து இந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் இருக்கிறது. பாஸ்க் நாட்டில் பிறந்தவர்கள், அல்லது அந்த மண்ணில் கால்பந்து கற்றவர்கள் மட்டுமே ஆடலாம். சட்டதிட்டப் புத்தகத்தில் இது எழுதப்படவில்லை. ஸ்பெயினில் நான்கு மாகாணங்கள், பிரான்ஸ் எல்லைக்கு அப்பால் மூன்று, எல்லாம் சேர்த்து சுமார் முப்பது லட்சம் ஜனத்தொகை. அவ்வளவுதான் இவர்களுக்குக் களம். மற்றவர்கள் பிரேசிலிலும் செனகலிலும் ஆள் தேடும்போது இவர்கள் பக்கத்துத் தெருவில் தேடுகிறார்கள். இப்படி இருந்தும் 1929-இல் ஸ்பானிய லீக் தொடங்கியதிலிருந்து முதல் பிரிவை விட்டு ஒருமுறைகூட இறங்கியதில்லை. அந்தப் பெருமை உள்ளவை மூன்றே கிளப்புகள்: ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெட்டிக்.

மைதானத்துக்குள் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. எட்டு லீக் பட்டங்கள், கடைசிப் பட்டம் 1984. அதே வருடம் அரசர் கோப்பையும் வென்றார்கள். நெர்வியோன் ஆற்றில் ஒரு சரக்குப் படகில் வீரர்களை ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். கபார்ரா என்று அந்தப் படகுக்குப் பேர். அதன் பிறகு அது நாற்பது வருஷம் சும்மா கிடந்தது. இடையில் அரசர் கோப்பையின் ஆறு இறுதிப் போட்டிகளில் தோற்றார்கள், அதில் இரண்டு 2021 ஏப்ரலில் இரண்டு வார இடைவெளியில். 2024 ஏப்ரல் 6-ஆம் தேதி செவில்லாவில் மயோர்காவைப் பெனால்டியில் வென்றபோது ஊரே அழுதது என்கிறார்கள். ஐந்து நாள் கழித்து கபார்ரா மறுபடி ஆற்றில் இறங்கியது. கரையில் பத்து லட்சம் பேர் என்று மதிப்பீடு. பில்பாவோவின் ஜனத்தொகையே மூன்றரை லட்சம்தான்.

அருங்காட்சியகத்தைவிட எனக்குப் பிடித்தது ஒரு மார்பளவுச் சிலை. பிச்சிச்சி என்ற செல்லப்பெயருடைய ரஃபேல் மொரேனோவின் சிலை அது. 1922-இல் முப்பது வயதைத் தொடுமுன்பே டைஃபஸ் காய்ச்சலில் இறந்துபோன கோல் வீரர். ஸ்பெயினில் அதிக கோல் அடிப்பவருக்குத் தரும் பரிசு இவர் பெயரில்தான் இருக்கிறது. சான் மாமேஸுக்கு முதல்முறை ஆட வருவது எந்த அணியானாலும், அதன் தலைவர் இந்தச் சிலைக்கு முன்னால் பூங்கொத்து வைத்துவிட்டுத்தான் ஆட வேண்டும் என்பது மரபு.

இதையெல்லாம் பார்த்துவிட்டு எளிதாக உருகிவிடலாம். பயணக் கட்டுரை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் உருகிவிட்டுத்தான் போகிறார்கள். நான் போசாஸ் தெருவில் ஒரு பெரியவரோடு நின்றுகொண்டு இதைப் பற்றிப் பேசினேன். அவர் அரை நூற்றாண்டாக உறுப்பினர். கிளப்புக்கு முதலாளி கிடையாது. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள்தான் சொந்தக்காரர்கள், தலைவரை அவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். "யுனைடெட்காரர்கள் எங்களைப் பார்த்து, உங்களுக்கு ஜெயிக்கிற வெறி இல்லை என்கிறார்கள்" என்றார். "ஆறு இறுதிப் போட்டியில் தோற்றுவிட்டு ஏழாவதுக்கும் ஊரைக் காலி செய்துகொண்டு போனோமே, அதற்கு என்ன பேர்?"

அவர் கேட்டது நியாயம். ஆனால் கதையின் மறுபக்கத்தை அவர் சொல்லவில்லை. அத்லெட்டிக் ஏழைக் கிளப் கிடையாது. 2012-இல் ஹாவி மார்த்தினெஸை பயர்ன் மியூனிக் எடுத்துக்கொண்டபோது 4 கோடி யூரோ வந்தது. 2014-இல் ஆந்தர் எர்ரேராவுக்கு 3.6 கோடி. 2018-இல் லபோர்த்துக்கு 6.5 கோடி, அதே ஆண்டு கோல்கீப்பர் கேபாவுக்கு 8 கோடி. கோல்கீப்பர்களில் அது உலகச் சாதனை விலை. யாரையும் விற்கமாட்டோம், வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் விடுவிப்புத் தொகையை முழுசாக வைத்துவிட்டு அழைத்துப்போங்கள் என்பது இவர்கள் பிடிவாதம். வந்த பணத்தை எங்கே செலவழிப்பது? வாங்கக்கூடிய ஆட்கள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் எல்லாம் பக்கத்து ஊர்க் கிளப்புகளில் இருக்கிறார்கள்.

2018 ஜனவரியில் லபோர்த் கிளம்பிய கையோடு அத்லெட்டிக் என்ன செய்தது தெரியுமா? நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரியல் சோசியதாதின் தடுப்பு வீரர் இன்யீகோ மார்த்தினெஸுக்கு 3.2 கோடி யூரோவைக் கொடுத்துத் தூக்கிவந்தது. 1995-இல் அதே ரியல் சோசியதாதிலிருந்து பதினேழு வயது எட்செபெர்ரியாவைத் தூக்கியபோது இரு கிளப்புகளும் முகம் பார்க்காத அளவுக்குச் சண்டை. கையில் பணம் உள்ள ஒரு வீட்டுக்காரர் 'நான் வெளிச் சந்தைக்குப் போகமாட்டேன்' என்று சபதம் எடுத்தால், விலை கொடுக்கப்போவது அண்டை வீட்டுத் தோட்டம். எனக்கு இது கொஞ்சம் நெருடியது. பெரியவரிடம் சொன்னேன். கோபப்படவில்லை, இன்னொரு சுரிதோ வாங்கிக் கொடுத்தார். சுரிதோ என்றால் சின்ன கிளாஸ் பீர்.

ஆனாலும் இந்த விதி மனிதர்களைக் குறுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்யாகி வில்லியம்ஸின் பெற்றோர் கானாவிலிருந்து சகாரா பாலைவனத்தை நடந்து கடந்து வந்தவர்கள். அப்பாவின் பாதம் சூட்டில் வெந்துபோனது. இன்யாகி பில்பாவோவில் பிறந்தான், பாஸ்க் மண்ணில் பந்து கற்றான், அத்லெட்டிக்கின் தலைவனானான். 2016-இலிருந்து 2023 வரை தொடர்ந்து 251 லீக் ஆட்டங்கள், ஒன்றுகூட விடவில்லை. தம்பி நிகோ ஸ்பெயின் அணியின் நட்சத்திரம். விதியின் நோக்கம் ரத்தமாக இருந்திருந்தால் இந்த இருவருக்கும் இடம் இருந்திருக்காது. நூறு வருஷத்தில் ஊரே மாறியிருக்கிறது, விதியும் அதோடு நகர்ந்திருக்கிறது.

இறுதிப் போட்டி நெருங்க நெருங்க பில்பாவோவில் அறை வாடகை பல மடங்கு ஏறியது. நான் மூட்டையைக் கட்டினேன். பழைய ஊர்ப் பகுதியிலிருந்து சான் செபாஸ்தியனுக்கு ஒரு ரயில் போகிறது. எவுஸ்கோட்ரென் என்பது அதை நடத்தும் நிறுவனம். மீட்டர் கேஜ் பாதை. பஸ்ஸில் ஒன்றேகால் மணியில் போய்விடலாம், ரயில் இரண்டரை மணிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அவசரக்காரர்கள் யாரும் இதில் ஏறுவதில்லை. ஜன்னலோரம் பள்ளத்தாக்குகள், பள்ளத்தாக்குக்கு ஒரு தொழிற்சாலை, தொழிற்சாலைக்கு ஒரு மைதானம். அமோரெபியேதா, துராங்கோ, எர்முவா. நான் இறங்கியது எய்பாரில்.

எய்பார் ஊரில் சமதரை என்று ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். இரண்டு மலைகளுக்கு நடுவே இடுக்கில் செருகிய மாதிரி பத்து மாடிக் கட்டடங்கள். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போக வெளியிலேயே லிஃப்ட், எஸ்கலேட்டர். சுமார் 27,000 பேர் வாழும் ஊர். பல நூறு வருஷங்களாகத் துப்பாக்கி செய்து பிழைத்தவர்கள். அதனால்தான் கால்பந்து அணிக்கு ஆயுதக் கொல்லர்கள் என்று பட்டப்பெயர். ஆயுத வியாபாரம் படுத்தபோது அதே இரும்பை வளைத்து சைக்கிள் செய்தார்கள், தையல் மெஷின் செய்தார்கள். இன்று உலகப் பந்தயங்களில் ஓடும் ஓர்பேயா சைக்கிள் துப்பாக்கிக் கம்பெனியாக இங்கே தொடங்கியதுதான். 1931 ஏப்ரல் 14 காலையில் ஸ்பெயினிலேயே முதலில் குடியரசுக் கொடி ஏற்றிய ஊரும் இதுதான். மாட்ரிட் மதியத்துக்கு மேல்தான் விழித்தது. 1937-இல் பிராங்கோ தரப்பின் விமானங்கள் இந்த ஊரைக் குண்டு போட்டு நொறுக்கின.

இபுருவா மைதானம் மேட்டில் இருக்கிறது. மூச்சு வாங்க ஏறினால், மைதானத்தை ஒட்டியே குடியிருப்பு அடுக்குகள். பால்கனியில் துணி காயப்போட்டபடியே முதல் பிரிவு ஆட்டம் பார்க்கலாம். பார்த்திருக்கிறார்கள், ஏழு வருஷம்.

அந்த ஏழு வருஷத்தின் கதை இப்படித் தொடங்கியது. 2013-இல் எய்பார் மூன்றாம் பிரிவில் இருந்தது. அந்த ஆண்டு இரண்டாம் பிரிவுக்கு ஏறியது. அடுத்த ஆண்டே, 2014-இல், இரண்டாம் பிரிவை வென்று முதல் பிரிவுக்குத் தகுதி பெற்றது. பயிற்சியாளர் கைஸ்கா கரிதானோ. கிளப்புக்குக் கடன் ஒரு காசு இல்லை. எல்லோரும் பாராட்டுவார்கள் என்று நினைத்தால், சட்டம் வேறு மாதிரி பேசியது. ஸ்பெயின் விதிப்படி, இரண்டாம் பிரிவுக் கிளப்புகளின் சராசரிச் செலவில் கால்வாசி அளவுக்கு மூலதனம் இருக்க வேண்டும். அது 21 லட்சம் யூரோ சொச்சம். எய்பாரிடம் இருந்ததோ சுமார் 4.2 லட்சம். மீதி 17 லட்சத்துச் சொச்சத்தை ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் திரட்டாவிட்டால், மேலே போவதென்ன, மூன்றாம் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

யோசித்துப் பாருங்கள். மற்ற கிளப்புகள் வரி பாக்கி, சம்பள பாக்கி என்று கோடிக்கணக்கில் கடன் வைத்துக்கொண்டு ஆடுகின்றன. அவர்களுடைய செலவின் சராசரியை வைத்துத்தான் கடனில்லாத கிளப்புக்கு அளவுகோல். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்தவனிடம் போய், உன் பக்கத்து வீட்டுக்காரன் இவ்வளவு செலவழிக்கிறான், நீ ஏன் இல்லை என்று கேட்பது.

ஒரு கோடீஸ்வரரைக் கூப்பிட்டிருந்தால் ஒரே காசோலையில் முடிந்திருக்கும். கூப்பிடவில்லை. ஐம்பது யூரோ பங்காக விற்றார்கள். ஒருவர் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்சவரம்பும் போட்டார்கள். பணம் தேவைப்படுகிற நேரத்தில், இதற்கு மேல் தராதே என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். சின்ன வயதில் இங்கே கடனாக வந்து ஆடிவிட்டுப் போன சாபி அலோன்சோ, தாவித் சில்வா போன்றவர்கள் குரல் கொடுத்தார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து, எய்பார் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்கள் பங்கு வாங்கினார்கள். கெடுவுக்கு முன்பே தொகை சேர்ந்துவிட்டது. 2014 ஆகஸ்ட் 24, முதல் பிரிவில் முதல் ஆட்டம். எதிரே ரியல் சோசியதாத். இபுருவாவில் அப்போது ஐயாயிரத்துச் சொச்சம் இருக்கைகள்தான். ஹாவி லாரா ஃப்ரீ கிக்கில் அடித்த கோலில் எய்பார் 1–0.

நான் மைதானத்துக்குக் கீழே ஒரு டீக்கடை மாதிரியான சின்ன பாரில் உட்கார்ந்து காப்பி குடித்தேன். சுவரில் பிரேம் போட்ட பங்குப் பத்திரம் ஒன்று. கடைக்காரம்மாவிடம் லாபம் வந்ததா என்று கேட்டேன். "லாபமா? ரியல் மாட்ரிட்டை இங்கே மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்கடித்தோம்" என்றார். 2018 நவம்பர் 24. கணக்கு அவர் மனதில் தீர்ந்துபோயிருந்தது.

முதல் பிரிவில் முதல் வருஷ முடிவில் எய்பார் பதினெட்டாம் இடம். அதாவது இறங்க வேண்டும். ஆனால் பதின்மூன்றாம் இடத்தில் முடித்த எல்சே கிளப் கடன் பாக்கியால் தண்டிக்கப்பட்டுக் கீழே அனுப்பப்பட்டது. காலியான இடத்தில் எய்பார் நீடித்தது. மைதானத்தில் தோற்று, கணக்குப் புத்தகத்தில் ஜெயித்தவர்கள் கால்பந்து உலகில் அபூர்வம். அடுத்து வந்த பயிற்சியாளர் ஹோசே லூயிஸ் மெந்திலிபார், பக்கத்துப் பிஸ்காயா மாகாணத்துக்காரர். பந்தை எதிராளியின் பாதிக்குள்ளேயே மடக்கிப் பிடிப்பது அவர் பாணி. விலை உயர்ந்த கால்கள் இல்லாதபோது ஓட்டத்தால் ஈடுகட்ட வேண்டும். 2018-இல் ஒன்பதாம் இடம். அதுதான் எய்பாரின் உச்சம். இந்த மெந்திலிபார் பிறகு 2023-இல் செவில்லாவோடு ஐரோப்பா லீக்கும், 2024-இல் கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸோடு கான்ஃபரன்ஸ் லீக்கும் வென்றார். எய்பாரில் கற்ற வித்தைக்கு வெளியூரில் கோப்பை.

2021-இல் எய்பார் கடைசி இடத்தில் முடித்து இறங்கியது. மறுவருஷம் திரும்பி ஏறியிருக்க வேண்டும். கடைசி நாள், ஏற்கெனவே கீழே போவது உறுதியாகிவிட்ட அல்கோர்கோனை வென்றால் போதும். கூடுதல் நேரத்தில் ஒரு கோல் வாங்கி 0–1. பிறகு தகுதிச் சுற்றில் ஜிரோனாவிடம் தோல்வி. அடுத்த இரண்டு ஆண்டுகளும் தகுதிச் சுற்றிலேயே நின்றுபோனார்கள். கடன் வாங்கி ஒரு நல்ல கோல் வீரரைக் கொண்டுவந்திருந்தால் ஏறியிருப்பார்களோ? ஏறியிருக்கலாம். எல்சேயும் அப்படித்தான் நினைத்தது.

வெல்ல வேண்டும் என்ற ஆசையில் ஒரு கிளப்புக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதற்காக எதைத் தரச் சம்மதிப்பார்கள் என்பதில்தான் பிரிகிறார்கள். பில்பாவோ வெளியூர்க் காலைத் தராது. எய்பார் கடன் பத்திரத்தில் கையெழுத்தைத் தராது. இரண்டில் எய்பாரின் பிடிவாதம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது, ஏனென்றால் அதற்கு இழக்க அதிகம் இருந்தது, துணைக்குப் பெரிய பணம் இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். 2024 ஜூலை 14, பெர்லின், ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி, ஸ்பெயினும் இங்கிலாந்தும். முதல் கோல் அடித்தவர் அத்லெட்டிக்கின் நிகோ வில்லியம்ஸ். இங்கிலாந்து சமன் செய்தது. 86-ஆவது நிமிடத்தில் இடது பக்கத்திலிருந்து மார்க் குகுரெயா பந்தை உள்ளே தள்ள, சறுக்கிக்கொண்டே அதை வலைக்குள் திருப்பியவர் மிகெல் ஒயார்சாபால். அவர் பிறந்த ஊர் எய்பார். பந்தைக் கொடுத்த குகுரெயா 2018–19-இல் எய்பாருக்குக் கடனாக வந்து ஆடியவர். கடைக்காரம்மா இதை எனக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார்.

எய்பாருக்குப் பிறகு ரயில் தேபாவில் கடலைப் பிடிக்கிறது. சுமாயா, சராவ்ட்ஸ், ஓரியோ. அலைச்சறுக்குப் பலகைகளோடு பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள். உசுர்பில் என்ற சின்ன நிலையத்தைத் தாண்டும்போது ஒரு கணக்கு ஓடியது. அப்போது போர்ன்மவுத்தின் பயிற்சியாளராக இருந்த அந்தோனி இராவோலா இந்த ஊர். ஆர்சனலின் மிகெல் ஆர்தேதா சான் செபாஸ்தியன். ஆஸ்டன் வில்லாவின் உனாய் எமெரி பிரான்ஸ் எல்லையோரம் ஒந்தாரிபியா. இன்னோர் இங்கிலாந்து அணிக்குப் பயிற்சி தந்த ஹூலென் லோபெதெகி ஆஸ்தேயாசு. 2024–25 சீசன் தொடங்கியபோது இங்கிலாந்தின் இருபது முதல் பிரிவு அணிகளில் நான்குக்கு இந்தக் கிபுஸ்கோவா மாகாணத்துக்காரர்கள் பயிற்சியாளர்கள். மாகாணத்தின் மொத்த ஜனத்தொகை ஏழு லட்சத்துச் சொச்சம். லெவர்குசனை ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் ஜெர்மன் சாம்பியன் ஆக்கிய சாபி அலோன்சோ பிறந்ததும் இதே மாகாணத்தின் தொலோசாவில்தான்.

ஏன் இப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எனக்குச் சான் செபாஸ்தியனில் இறங்கி லா கோஞ்சா கடற்கரையைப் பார்த்ததும் ஒரு பதில் கிடைத்த மாதிரி இருந்தது. அலை உள்வாங்கும் நேரம் பார்த்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்கே போட்டி நடத்துவது நீண்டகால வழக்கம். கடல் திரும்பி வருவதற்குள் ஆட்டத்தை முடிக்க வேண்டும், ஈர மணலில் பந்து நினைத்தபடி ஓடாது, அதனால் உடம்பைவிட யோசனை முந்த வேண்டும். ஆர்தேதாவும் அலோன்சோவும் சிறுவயதில் சேர்ந்து விளையாடியது இந்தக் கரையோரந்தான். ஆன்தீகுவோ பகுதியின் ஆன்தீகுவோகோ என்ற சின்னக் கிளப்பில் இருவரும் ஒன்றாக இருந்தார்கள். இராவோலாவும் அங்கே ஆடியவர்.

இந்த ஊர் அணி ரியல் சோசியதாதும் ஒரு காலத்தில் பாஸ்க் வீரர்களை மட்டுமே வைத்து ஆடியது. 1980-இல் ஆண்டு முழுக்கத் தோற்காமல் வந்து, கடைசிக்கு முந்தின ஆட்டத்தில் தோற்றுப் பட்டத்தை ரியல் மாட்ரிட்டிடம் விட்டார்கள். 1981-இல் கிஹோனின் சேற்றில் கடைசி நிமிடத்தில் சமோரா அடித்த கோலில் சாம்பியன். 1982-இலும் சாம்பியன். பிறகு அத்லெட்டிக் நல்ல பையன்களையெல்லாம் கொத்திக்கொண்டு போக, 1989-இல் விதியைக் கைவிட்டு லிவர்பூலிலிருந்து ஜான் ஆல்ட்ரிட்ஜை வாங்கினார்கள். ஊரில் சிலருக்கு அது துரோகமாகப் பட்டது. ஆனால் சுபியேதாவில் இருக்கும் அகாடமியை அவர்கள் கைவிடவில்லை. கதவைத் திறந்த பிறகும் அணியில் பாதிக்கு மேல் வீட்டுப் பிள்ளைகளாக இருப்பது இன்றைக்கும் சாதாரணம். விதி இல்லாமலே அதைச் செய்கிறார்கள் என்று நான் புகழ்ந்தபோது, உள்ளூர் நண்பர் ஒருவர் சிரித்தார். "நல்லவனாக வளர்ந்ததும் அவனும் போய்விடுகிறானே" என்றார். அவர் சொன்ன சில வாரங்களில் மார்தின் சுபிமெந்தி ஆர்சனலுக்குப் போய்விட்டார்.

இறுதிப் போட்டியை நான் சான் செபாஸ்தியன் பழைய ஊரில் ஒரு மதுக்கடைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். கடையில் பாதிப் பேர் திரையைப் பார்க்கவேயில்லை. 42-ஆவது நிமிடத்தில் பிரென்னன் ஜான்சன் காலில் பட்டும் படாமலும் ஒரு கோல். அதற்குப் பிறகு டோட்டன்ஹாம் கோலைக் காப்பாற்றிக்கொண்டே நின்றது. 1–0. பதினேழு வருஷத்தில் அவர்களுக்கு முதல் கோப்பை, அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக்கில் இடம். வென்று கொடுத்த பயிற்சியாளர் ஆஞ்சே போஸ்டெகோக்லுவைப் பதினாறு நாளில் வேலையை விட்டு அனுப்பினார்கள். பக்கத்தில் நின்றவர் தட்டில் இருந்த நெத்திலி பிஞ்சோ என்ற சிறு தீனியை வாயில் போட்டுக்கொண்டு, "இந்த ஆட்டத்துக்கா சான் மாமேஸ்?" என்றார். அவர் ரியல் சோசியதாத் ரசிகர். அத்லெட்டிக்குக்காக அவர் வருத்தப்பட்டது அன்று ஒருநாள்தான் இருக்கும்.

நான் ஊர் திரும்பியபின் ஜூலை 4-ஆம் தேதி ஒரு செய்தி வந்தது. பார்சிலோனா வலைவீசிக் காத்திருந்த நிகோ வில்லியம்ஸ், அத்லெட்டிக்கோடு 2035 வரை ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டார். விடுவிப்புத் தொகையையும் பாதிக்கு மேல் உயர்த்தினார்கள். இது விசுவாசமா, கணக்கா என்று விவாதம் நடந்தது. இரண்டும்தான் என்பது என் எண்ணம். சம்பளம் கொடுக்க அத்லெட்டிக்கிடம் பணம் இருக்கிறது, கொடுக்க வேறு ஆளும் இல்லை.

நான்காம் இடத்தில் முடித்ததால் அத்லெட்டிக் பத்து வருஷத்துக்குப் பிறகு சாம்பியன்ஸ் லீக்குக்குப் போனது. முதல் ஆட்டம் 2025 செப்டம்பர் 16, சான் மாமேஸில். எதிரணி ஆர்சனல், அதன் பயிற்சியாளர் சான் செபாஸ்தியனின் ஆர்தேதா. ஆர்சனல் 2–0 என்று வென்றது.